பாடைக்கு நின்ற கோச்சி

இலங்கை மலையகத்தில், உடுவரைக்கும் ஹாலிஎலைக்கும் நடுவில், தேயிலைத் தோட்டத்து ரோடு ரயில் பாதையைக் கடக்கும் இடத்தில் ஒரு கேட் இருந்தது. அறுபதுகளின் நடுவிலிருந்து பதுளையில் தங்கி ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த நான், அந்தக் கேட்டைப் பற்றிப் பலமுறை எழுத நேர்ந்தது. பெரும்பாலும் அடிதடிச் செய்திகள். கோச்சி, அதாவது ரயில், அங்கே மாடுகளை அடித்தது. மனிதர்களை அடித்தவர்கள் மனிதர்கள்தான்.

முதல் அடி எப்போதும் கேட்காரருக்கு. கேட்டை மூடினால் கொழுந்து லொறி நிற்கும். மூட்டைக்குள் கொழுந்து சூடேறினால் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், டிரைவருக்கு ஏச்சு விழும். அதனால் டிரைவர் இறங்கி வந்து கேட்காரரின் சட்டையைப் பிடிப்பார். கேட்காரருக்கு முன்வாயில் இரண்டு பற்கள் இல்லை. விரலை வைத்துக் காட்டுவார்.

"ஒன்னு கொழுந்து லொறி, ஒன்னு ஒர மூட்ட லொறி. தொர ஜீப்பு இன்னும் பாக்கி. அவரு பல்லப் புடுங்க மாட்டாரு, வேலையத்தான் புடுங்குவாரு."

அவர் அதே தோட்டத்தில் பிறந்தவர். தற்காலிகக் கேட்காரராக ரயில்வேயில் சேர்ந்து, பாதையோரத்துத் தகரக் கூரை வீட்டில் மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் இருந்தார். வேலை போனால் அந்த வீடும் போகும். தோட்டத்துச் செக்ரோலில், அதாவது ஆள் பதிவேட்டில், அவர் பெயர் வெட்டப்பட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளில் அவருக்கென்று ஒரு காம்பரா, ஓர் அறை, கிடையாது.

கேட்டின் இருபுறமும், கண்ணுக்கெட்டும் தூரத்தில், ஒவ்வொரு கைகாட்டி மரம் நின்றது. சிவப்புப் பலகைக் கை நேராக நீண்டிருந்தால் கோச்சி நிற்க வேண்டும். கை சரிந்து விழுந்தால் போகலாம். வழக்கமாகக் கை நீண்டே இருக்கும், கேட் ரோட்டுக்குத் திறந்தே இருக்கும். கோச்சி புறப்பட்டுவிட்டதென்று மணி அடித்ததும் கேட்காரர் இரண்டு கதவுகளையும் இழுத்து ரோட்டை மறித்துப் பூட்டுவார். பூட்டிய பிறகுதான் குடிசைக்குள் இருக்கும் இரும்புப் பிடியை இழுக்க முடியும். இழுத்தால் கம்பி இறுகும், கை விழும், கோச்சி தாராளமாக வரும். அவர் இழுக்காவிட்டால் கோச்சி கைகாட்டியடியில் நின்று ஊதிக்கொண்டிருக்கும்.

இழுக்காமல் விடுவதற்கு ஒரே ஒரு காரணம் இருந்தது. அது சாவு.

வெள்ளைக்காரர் காலத்தில் பாதை போட்டபோது அது தோட்டத்தை இரண்டாக வெட்டிவிட்டது. லயங்கள் பாதைக்கு மேலே, பிணம் புதைக்கும் மேடு பாதைக்குக் கீழே. தோள் ஏறிய பாடையைச் இடுகாட்டு எல்லைக்கு முன்னால் கீழே வைக்கக் கூடாது. வழியில் மறித்து நிறுத்தவும் கூடாது. ஒரு மூடிய கேட்டின் முன்னால் பாடையைத் தோளில் வைத்துக்கொண்டு காத்து நிற்பதா என்று ஆரம்பத்தில் பெரிய தகராறு நடந்ததாகவும், பாதை போட வந்த கூலிகளுக்கும் தோட்டத்து ஆட்களுக்கும் மண்டைகள் உடைந்ததாகவும் சொல்வார்கள். முடிவில் எங்கும் எழுதி வைக்காத ஓர் ஏற்பாடு உண்டானது. சாவு மேளம் கேட்டால் கேட்காரர் கையை இறக்க மாட்டார். கோச்சி நிற்கும். பாடை கடக்கும். பின்னால் வரும் பெண்கள் தண்டவாளத்தோடு நின்று, அங்கிருந்தே அழுதுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். எஞ்சின் டிரைவர் ஒருமுறை நீட்டி ஊதுவார். எஞ்சின் கரியிலிருந்து டீசலுக்கு மாறியது, வழக்கம் மாறவில்லை. பதுளைப் பாதையில் அடிக்கடி போய் வருகிறவர்களுக்கு இது தெரியும். எவரும் கடிகாரத்தைப் பார்த்ததில்லை.

அறுபதுகளின் முடிவில் ஒரு வருடம் தோட்டத்தில் வேலைநிறுத்தம். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை, வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை கன்னத்தில் அறைந்தார். அவள் காதிலிருந்த தோடு சதையோடு கிழிந்து வந்தது. ஒரு சங்கம் வேலையை நிறுத்தியது. மற்றச் சங்கம் நிறுத்தவில்லை. அதை நடத்தியவர் பழைய பெரிய கங்காணியின் மகன். பெரட்டுக் களத்தில், காலையில் ஆள் எடுக்கும் நேரத்தில், இரு பக்கமும் மோதின. கவ்வாத்துக் கத்தி தேயிலைச் செடியின் தடித்த கிளையை ஒரே வீச்சில் சீவுவது. அதை ஆள்மேல் வீசினால் என்ன ஆகும் என்று அந்த வாரங்களில் பதுளை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். ஒருவருக்குப் பாதிக் காது இல்லை. ஒருவருக்கு முழங்கைக்குக் கீழே எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. ஒரு லயத்துக் கூரைமேல் கல் விழுந்து தொட்டிலில் கிடந்த குழந்தைக்குத் தலை வீங்கியது. ஸ்டேஷன்களில் பொலிஸ் போட்டார்கள்.

நிறுத்தம் செய்த சங்கத்தின் தோட்டத் தலைவருக்கும் தலையில் வெட்டு. அவர் சில நாட்கள் பண்டாரவளையில் அக்காள் வீட்டில் இருந்தார். பதுளையில் தொழில் அதிகாரியின் முன்னால் இரண்டு சங்கமும் பேச வேண்டிய நாளில், காலைக் கோச்சியில் ஏறினார். நான் அப்புத்தளையிலிருந்து அதே கோச்சியில் வந்துகொண்டிருந்தேன். தலைக்கட்டோடு எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் பண்டாரவளைத் துணிக்கடை முஸ்லிம் ஒருவர், எல்லாருக்கும் நானா, காலுக்கடியில் சாரன், அதாவது கைலிக் கட்டுகளோடு.

"தலையில என்ன தம்பி, தலப்பாவா?" என்றார் நானா.

"இல்ல நானா. தேயிலன்னு நெனச்சு என் தலையக் கவ்வாத்து வெட்டிட்டானுங்க."

"கவ்வாத்து வெட்டினா நல்லாத் துளிர்க்கும் எண்டுதானே சொல்ற?"

"துளிர்க்கும் நானா. அதுக்குத்தான் பயப்படுறானுங்க."

நானா சிரித்து வெற்றிலைப் பெட்டியை நீட்டினார். தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"பேப்பர்கார ஐயா, சாயங்காலம் கச்சேரி ஆபீஸ் பக்கம் வாங்க. சமாதானம்னு எழுதலாம், இல்லாட்டி சண்டைன்னு எழுதலாம். வெறுங்கையோட போக மாட்டீங்க."

உடுவரை தாண்டிச் சிறிது தூரத்தில் கோச்சி வேகம் குறைந்து நின்றது. தப்பு மேளச் சத்தம் கேட்டது. சாவு அடி. பெட்டியில் பேச்சு அடங்கியது. நானா வெற்றிலைப் பெட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டார். யாரோ குழந்தையின் வாயைப் பொத்தினார்கள். தலைவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"நம்ம தோட்டந்தான். யாருன்னு தெரியலியே. ஒருத்தரும் படுக்கையில இல்லியே" என்றவர், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தார். வெள்ளைத் தலைக்கட்டு.

தங்கள் தோட்டத்துச் சாவு யாருடையது என்று பார்க்கத் தலையை நீட்டாதவர் அந்தப் பாதையில் இருக்க முடியாது. அவர் எந்தப் பெட்டியில் இருக்கிறார் என்று தேட வேண்டியிருக்காது என்பது அந்தப் பாடையைக் கட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பாடை பாதையைக் கடக்கவில்லை. கேட்டுக்கு வந்ததும் திரும்பித் தண்டவாளத்தின் மேலேயே எங்களை நோக்கி வந்தது. பின்னால் பெண்கள் இல்லை. எஞ்சினுக்கு முன்னால் வந்ததும் தூக்கியவர்கள் அதைச் சிலிப்பர்க் கட்டைகளின் மேல் இறக்கி வைத்தார்கள். கோடித் துணியை இழுத்தார்கள். உள்ளே ஆள் நீளத்துக்கு ஒரு வாழைத்தண்டு இருந்தது. அதன் இரு பக்கமும் மண்வெட்டிப் பிடிகளும் கவ்வாத்துக் கத்திகளும் அடுக்கியிருந்தன. பூமாலை வாழைத்தண்டுக்குத்தான் போட்டிருந்தது.

தலைவர் தலையை உள்ளே இழுப்பதற்குள் ஒரு கை அவர் சட்டைக் கழுத்தைப் பிடித்துவிட்டது. இன்னும் இருவர் கதவு வழியாக ஏறினார்கள். நானாவும் நானும் அவருடைய கால்களைப் பிடித்துக்கொண்டோம். என் மணிக்கட்டில் ஒரு அடி விழுந்து விரல்கள் தாமாகத் திறந்தன. நானா விடவில்லை. அவருடைய முகத்தில் ஒருவன் உதைத்த பிறகுதான் விட்டார். தலைவர் கதவு வழியாகத் தலைகீழாகப் போய்ச் சல்லிக் கற்களில் விழுந்தார். ஒரு செருப்பு நானாவின் கையில் மிச்சமிருந்தது.

மண்வெட்டிப் பிடி மனித உடம்பில் விழும் சத்தம் இடத்துக்கு இடம் மாறுகிறது. முதுகில் விழுந்தால் மூட்டையில் அடிப்பது போல. முழங்காலில் விழுந்தால் விறகு முறிவது போல. தலையில் விழுந்தபோது சத்தமே வரவில்லை, கட்டுத் துணி அதை வாங்கிக்கொண்டது. அவர் ஒருமுறை எழுந்து உட்கார்ந்தார். அடித்தவர்களில் ஒருவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"ஏன்டா, நீயுமாடா?"

"எந்திரிக்காத மாமா. படுத்துக்க" என்று சொல்லிக்கொண்டே அவன் அடித்தான்.

கார்ட் விசிலை ஊதிக்கொண்டே ஓடி வந்தார். பொலிஸ் கோச்சியில் இல்லை, ஸ்டேஷனில்தான் இருந்தது. என்ன செய்வதென்று தெரியாத எஞ்சின் டிரைவர் நீட்டி ஊதினார். பிணம் கடக்கும்போது ஊதும் அதே நீளம். அதைக் கேட்டதும் ஏதோ வேலை முடிந்தது போல அவர்கள் கம்புகளை எடுத்துக்கொண்டு தேயிலைக்குள் இறங்கிப் போனார்கள். கங்காணி மகன் கடைசியாகப் போனார். அவர் கையில் கம்பு இல்லை. வாழைத்தண்டு தண்டவாளத்தில் கிடந்தது. எஞ்சின் உதவியாள் பாடையை இழுத்து ஒதுக்கிவிட்டு வாழைத்தண்டைக் காலால் உருட்டித் தள்ளினார்.

தலைவரை நாங்கள் பெட்டியில் ஏற்றினோம். நானா தன் சாரன் கட்டைப் பிரித்துப் புதுச் சாரன்களால் அவருடைய தலையையும் காலையும் சுற்றினார். கோச்சி மெல்ல நகர்ந்து கேட்டைக் கடந்தபோது கேட்காரர் குடிசை வாசலில் நின்றார். ஒரு கை இன்னும் இரும்புப் பிடியில் இருந்தது. எங்களைப் பார்க்காமல் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"கீழ வச்சாங்கய்யா. பாடையக் கீழ வச்சாங்க."

பிணத்தோடு வருகிறவர்கள் அந்த இடத்தில் பாடையை இறக்க மாட்டார்கள். அதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விளங்கியிருக்கிறது. விளங்கியபோது இழுக்கவும் இழுக்காமலிருக்கவும் எதுவும் மிஞ்சவில்லை.

அன்று பொழுது சாய்வதற்குள் தோட்டம் முழுவதும் ஒரே பேச்சு: கேட்காரன் விலைபோய்விட்டான். மேளத்துக்கு நிறுத்தினேன் என்கிறானே, யார் செத்தது என்று கேட்க வாய் இல்லையா? தோட்டத்தில் யாரும் சாகவில்லை என்று இவனுக்குத் தெரியாதா? அவருக்குத் தெரியாது. கேட்டை விட்டு அவர் வாரக்கணக்கில் அசைய மாட்டார். சாவுச் செய்தியை அவருக்கு எப்போதும் மேளம்தான் சொன்னது.

தலைவரின் ஆட்கள் கேட்டுக்கு வந்தார்கள். கேட்காரரின் மனைவி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மேல் ரோட்டில் ஓடினாள். குடிசை ஜன்னல், சிவப்பு விளக்கு, பச்சை விளக்கு எல்லாம் உடைந்தன. ஒருவன் கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கழுத்தைத் திருகிப் பாதையில் போட்டான். கேட்காரரைக் கைகாட்டி மரத்தோடு சேர்த்துக் கட்டினார்கள்.

"எந்தக் கையால இழுத்த?" என்று கேட்டார்கள்.

"இழுக்கலப்பா. இழுக்காததாலதான் நின்னுச்சு."

இந்தப் பதில் அவர்களுக்கு விளங்கவில்லை. கேலி என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டு கைகளையும் மரத்தின் இரும்பு ஏணிப்படியில் வைத்துக் கல்லால் குத்தினார்கள். மறுநாள் நான் பார்த்தபோது வலது கையில் மூன்று விரல்கள் வாழைப்பூ நிறத்தில் வீங்கியிருந்தன. இடது கையால் கேட்டைத் தள்ளிக்கொண்டிருந்தார். வேறு ஆள் வரவில்லை, கோச்சி வந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போகலியா?"

"அங்கதாங்க தலைவரு கெடக்காரு. அவரு ஆளுங்க வாசல்ல நிக்கிறாங்க. கையாவது மிஞ்சட்டும்."

ரயில்வே அதிகாரி ஒருவர் தண்டவாளத்தில் தள்ளும் டிராலியில் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக் காற்சட்டை, கையில் குடை. உடைந்த கண்ணாடிகளைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டுக் குடிசைத் திண்டில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றதை அவர் பொருட்படுத்தவில்லை.

"நீ ஆரைக் கேட்டு ரெயினை மறிச்சனீ?"

"மேளம் கேட்டுச்சுங்க."

"மேளம் கேட்டா மறிக்கச் சொல்லி எந்தப் புத்தகத்தில கிடக்கு?"

"புத்தகத்துல இல்லீங்க. எப்பவும் அப்பிடித்தாங்க."

அதிகாரி கொஞ்ச நேரம் அவர் கையைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"கம்பி சிக்கினது எண்டு சொல்லு. கை விழேல்லை, ரெயின் நிண்டது. நான் அப்பிடியே எழுதிறன். வேலை மிஞ்சும்."

"கம்பி சிக்கலீங்களே."

"அது எனக்கும் தெரியும்."

கேட்காரர் சொன்னார்: "கம்பி சிக்குச்சுன்னு சொன்னா, மேளத்துக்காக நிறுத்தலன்னு ஆயிருங்க. அப்ப வேற எதுக்கோ நிறுத்தியிருக்கேன்னுதான் லயத்துல பேசுவாங்க. என் புள்ளைங்க அந்தப் பேர வச்சுக்கிட்டு எங்கங்க போகும்?"

"உன்ர லயத்தை நான் விசாரிக்க வரேல்லை." அதிகாரி குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "இனிமேல் பிணம் வந்தாலும் சரி, ராசா வந்தாலும் சரி, கேட்டைப் பூட்டிக் கையை இறக்க வேணும். ஒருக்கா மறிச்சாலும் நீ வீட்டை விட்டிறங்கவேணும். விளங்குதே?"

அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. நடுவழியில் கோச்சி நின்றதால்தான் ஓர் ஆள் அடிபட்டார்.

தலைவர் பதுளை ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் கிடந்தார். பேசவில்லை. தொழில் அதிகாரியின் பேச்சுவார்த்தை தள்ளிப்போனது. நான் போகும்போதெல்லாம் அவருடைய மனைவி கட்டிலுக்கடியில் தரையில் உட்கார்ந்திருப்பார், கொழுந்து எடுக்கும் விரல்களில் கறுப்புக் கறை போகாமல். தலைக்குள் இரத்தம் கட்டியிருக்கிறது என்றார் டாக்டர். ஒரு விடியற்காலையில் அவர் இறந்தார்.

உடலை லொறியில் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். தோட்டத்தில் வழக்கமாகத் தப்படிக்கிறவரை, அன்று வெறும் பாடைக்கு அடித்ததற்காக, பொலிஸ் பிடித்து வைத்திருந்தது. யாருக்குச் சாவு என்று கேட்டதாகவும், பாடையைப் பார்த்து அடி, ஆளைப் பார்த்து அடிக்காதே என்று கம்பை ஓங்கினார்கள் என்றும் அவர் சொன்னாராம். அதனால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மேளக்காரர்கள் வந்திருந்தார்கள். வெறும் பாடை தூக்கினால் அது ஆளைக் கேட்கும் என்று கிழவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். இப்போது, "கேட்டுச்சா?" என்று மட்டும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.

பாடை லயத்திலிருந்து புறப்பட்டது. எதிர்ச் சங்கத்தின் லயங்களில் கதவுகள் பூட்டியிருந்தன. அப்படியும் போகிற வழியில் கல் விழுந்தது, இரண்டு கதவுகள் பெயர்ந்தன, ஒரு சைக்கிள் தீயில் எரிந்தது. முன்னால் போனவர்களின் இடுப்பில் கத்தி இருந்தது. நான் கேட்டுக்குக் கொஞ்சம் முன்பாகவே போய் நின்றேன். பாதைக்கு அந்தப் பக்கம் இரண்டு பொலிஸ்காரர்கள் நின்றார்கள்.

மணி அடித்தது. உடுவரையிலிருந்து கோச்சி புறப்பட்டுவிட்டது. கேட்காரர் கதவுகளை இழுத்து ரோட்டை மறித்துப் பூட்டினார். குடிசைக்குள் போனவர் பிடியை இழுக்கவில்லை. வெளியே வந்து பூட்டிய கேட்டின் முன்னால், ரோட்டில் நின்றார். வீங்கிய கையை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

பாடை வந்தது. மேளம் நிற்கவில்லை. மூடிய கேட்டைப் பார்த்ததும் முன்னால் வந்தவர்கள் ஓடி வந்தார்கள்.

"தொறடா."

"தொறக்கிறேன். மொகத்தக் காட்டுங்க."

"என்னா?"

"மொகத்தப் பாக்கணும். பாத்துட்டுத் தொறக்கிறேன்."

மூடிய முகத்தை வழியில் திறப்பது எங்கள் சனங்களில் கேள்விப்படாதது. வீட்டில் கடைசியாகப் பார்த்து வாய்க்கரிசி போட்டு மூடினால் இனி இடுகாட்டில்தான். தலைவரின் தம்பி கேட்காரரை வயிற்றில் குத்தினார். அவர் மடங்கி உட்கார்ந்தார். இன்னொருவன் தோளில் மிதித்தான். வாயிலிருந்து இரத்தம் வந்தது, இம்முறை எந்தப் பல் என்று தெரியவில்லை. பொலிஸ்காரர்கள் கேட்டின் மறுபக்கம் இருந்தார்கள், ஏறிக் குதிக்க முயலவில்லை. பாடை தூக்கியவர்கள் தோள் மாற்றிக்கொண்டு நின்றார்கள். தூரத்தில் கோச்சி கைகாட்டியடியில் வந்து நின்று ஊதியது. நிறுத்தி நிறுத்தி, ஏச்சுப்போல ஊதியது.

கேட்காரர் கேட்டுக் கம்பியைப் பிடித்து எழுந்தார்.

"அடிங்க. ஆனா அன்னிக்குப் பாக்காம நிறுத்துனேன். இன்னிக்குப் பாக்காம தொறக்க மாட்டேன்."

ஒருவன் கத்தியை உருவினான். அப்போது பின்னாலிருந்து கூட்டம் விலகியது. தலைவரின் மனைவி வந்தார். பெண்கள் தண்டவாளம் வரை வருவது வழக்கம், ஆனால் மேளத்துக்கு முன்னால் வருவதில்லை. மேளம் நின்றது.

"எறக்காதீங்க. தாழ்த்திப் புடிங்க" என்றார்.

"அண்ணி, வேணாம். இவன் சொன்னான்னு…"

"தாழ்த்துங்கன்னு சொல்றேன்."

தூக்கியவர்கள் முழங்காலை மடக்கிப் பாடையை இடுப்பளவுக்குத் தாழ்த்தினார்கள். அவர் கோடித் துணியைக் கறுத்த விரல்களால் பற்றி நெஞ்சு வரை விலக்கினார். ஒரு கண் இருந்த இடம் தட்டையாக இருந்தது. தாடையைத் துணியால் கட்டி நேராக்கியிருந்தார்கள், ஆனாலும் அது ஒருபக்கம் போயிருந்தது. கத்தியை உருவியவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். லயத்தில் அவசரமாக மூடியிருக்கிறார்கள், பலர் இப்போதுதான் பார்த்தார்கள்.

கேட்காரர் குனிந்து பார்த்தார். நன்றாகப் பார்த்தார். இடது கையால் நெற்றியைத் தொட்டார்.

"இப்ப நம்புறியா?" என்றார் அந்தப் பெண்.

"அன்னிக்கும் நம்பித்தான் தங்கச்சி நிறுத்துனேன்."

கேட்காரர் பூட்டைத் திறந்தார். ஒரு கையால் கதவைத் தள்ள முடியாமல் திணறியபோது, சற்று முன் அவர் தோளில் மிதித்தவனே வந்து மற்றக் கதவைத் தள்ளினான். பாடை மறுபடி தோளுக்கு ஏறியது. முகத்தை மூட யாருக்கும் தோன்றவில்லை. அப்படியே தண்டவாளத்தைக் கடந்தது. கோச்சியின் ஜன்னல்களில் தலைகள் நிறைந்திருந்தன. ஏச்சு ஊதல் நின்றது. டிரைவர் இம்முறை நீட்டி ஊதினார்.

கங்காணி மகன்மேல் வழக்கு நடந்தது. கோச்சியில் கண்டதைக் கோர்ட்டில் நானும் சொன்னேன், நானாவும் சொன்னார். கையில் கம்பில்லாத ஆளைக் கம்பு பிடித்தவர்களோடு சேர்க்க அது போதவில்லை. வெறும் பாடையைத் தூக்கிய நால்வரும் சிறைக்குப் போனார்கள். மாமா என்று கூப்பிட்டவனும் அவர்களில் ஒருவன்.

கேட்காரரை ரயில்வே அந்த மாதமே வீட்டிலிருந்து இறக்கியது. அதிகாரி சொன்ன சொல் தவறவில்லை. பாயும் சட்டியும் பாதையோரத்தில் கிடந்தன. அவற்றைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் தலைவரின் ஆட்கள். கேட்காரர் குடும்பத்துக்குத் தன் காம்பராவில் பாதியைத் தடுத்துக் கொடுத்தவர் தலைவரின் மனைவி. லயத்தில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. நான் அதைச் செய்தியாக எழுதினேன். கொழும்புப் பத்திரிகை ஆபீசில் அதை வெட்டிவிட்டார்கள். அடிதடி எதுவும் அதில் இல்லை.

எழுபதுகளில் அந்தத் தோட்டத்திலிருந்து இரண்டு சங்கத்துக் குடும்பங்களும், ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, தகரப் பெட்டிகளோடு கோச்சியேறித் தலைமன்னாருக்கும் அங்கிருந்து கப்பலுக்கும் போயின. கங்காணி மகனும் ஒரு நாள் போனார். அந்தக் கோச்சிகள் கேட்டைக் கடக்கும்போது கை எப்போதும் விழுந்தே இருந்தது. மேட்டில் நின்று பெண்கள் வைத்த ஒப்பாரிக்குக் கோச்சி நிற்பதில்லை, அங்கே பாடை இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் கேட்டை எடுத்துவிட்டார்கள். குடிசை இடிந்தது. கைகாட்டி மரத்தில் கை கழன்று வெறும் கம்பம் நின்றது. பார்த்துக் கடக்கவும் என்று மூன்று மொழியிலும் ஒரு பலகை வைத்தார்கள். அந்த வருடங்களில் ஒருநாள் வேறு வேலையாக அந்த ரோட்டில் போனபோது மேளம் கேட்டு ஒதுங்கி நின்றேன். பாடை பாதையோரத்துக்கு வந்தது. தூரத்தில் கோச்சி ஊதியது. இப்போது காத்திருக்க வேண்டியது பாடைதான். தூக்கியவர்கள் இறக்கவில்லை. முழங்காலை மடக்கித் தாழ்த்தினார்கள். ஒரு பெண் முன்னால் வந்து துணியை விலக்கி முகத்தைத் திறந்தாள். எதற்காக என்று அவளிடம் கேட்டேன்.

"இங்கன காட்டணுங்க" என்றாள்.

"யாருக்கு?"

அவள் குடிசை இடிந்து காலியாகக் கிடந்த பாதையோரத்தைப் பார்த்தாள். கோச்சி நிற்காமல் கடந்தது. அதன் காற்றில் துணி பறந்தது, அவள் அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். முகம் திறந்தே இருந்தது.